டெல்பியின் ஆடும் பரளச்சிக் கிடாயும்

கிரேக்கர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றை நாங்கள் விளையாட்டாக இரண்டு கட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முதல் கட்டில் சாக்ரடீஸ் நஞ்சருந்துகிறார், பிளேட்டோ கவிஞர்களை நகருக்கு வெளியே அனுப்புகிறார், அரிஸ்டாட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் வகைப்படுத்துகிறார். பகுத்தறிவு ஏதென்ஸில் பிறந்து நேரே ஐரோப்பாவுக்குக் குடிபோய்விடுகிறது. இரண்டாவது கட்டில் யவனர்கள் மரக்கலமேறி வருகிறார்கள், பொன்னைக் கொட்டி மிளகை அள்ளுகிறார்கள், நமக்கு நெஞ்சு விம்முகிறது. இரண்டு கட்டுகளிலும் ஆடு கிடையாது. இந்தக் கட்டுரை ஆட்டைப் பற்றியது.

அருப்புக்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசும் வாசக நண்பர்கள் நாங்கள். சென்ற ஆண்டு முழுவதும் புளூடார்க்கின் டெல்பி உரையாடல்களை ஆங்கில வழியாகப் படித்துக்கொண்டிருந்தோம். அந்த வாசிப்பு பாதியில் நிற்கும்போதுதான் மாசிக் களரி வந்தது. எங்களில் ஒருவருக்குப் பரளச்சிப் பக்கம் குலதெய்வம். பிரதான சாலையிலிருந்து பிரியும் மண்தடத்தில், சீமைக்கருவேலங் காட்டுக்கு நடுவே ஒரு வேப்பமரம், அதன்கீழ் கூரையில்லாத பீடம், நட்டு வைத்த அரிவாள்கள். கோயில் என்று சொல்ல அவ்வளவுதான். கரிசல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேன்களில் வந்திறங்கிய பங்காளிகள், மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

கிடாய்க்கு மாலை போட்டு, பீடத்தின்முன் நிறுத்தி, மஞ்சள் நீரைத் தலையிலும் முதுகிலும் தெளித்தார்கள். தெளித்தால் கிடாய் உடலைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். தென் தமிழகத்து வாசகர்களுக்கு இது புதிதல்ல. அன்று அந்தக் கிடாய் உதறவில்லை. ஒரு செம்பு, இரண்டு செம்பு, மூன்று. கற்சிலைபோல் நின்றது. 'என்ன குறைன்னு சொல்லு சாமி' என்று பெண்கள் கேட்டார்கள். பொறுமையிழந்த ஓர் இளைஞர் குடத்தை எடுத்து முழுவதையும் அதன்மேல் கவிழ்த்தார். கிடாய் நடுங்கி உதறியது. குலவை எழுந்தது. ஆனால் சாமியாடிப் பெரியவர் அரிவாளைக் கையில் எடுக்கவில்லை. 'இது குளிர்ல நடுங்குது. உத்தரவு இல்ல' என்று சொல்லிவிட்டுப் பீடத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த அரைமணி நேரச் சச்சரவை விவரிக்க வேண்டியதில்லை. கடைசியில் வெளிவந்தது இதுதான்: பாகப் பிரிவினையில் மனத்தாங்கலாகி விலகியிருந்த ஒரு பங்காளி வீட்டுக்கு இந்த முறை சொல்லி அனுப்பவில்லை. கைபேசியில் அழைத்தார்கள். அவர்கள் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. மறுபடி ஒரே செம்பு தண்ணீர். கிடாய் உதறியது.

ஊர் திரும்பும் வழியில் எங்களில் யாரும் பேசவில்லை. எல்லோர் மனத்திலும் ஓடிக்கொண்டிருந்தது புளூடார்க்கின் ஒரே பக்கம்தான்.

புளூடார்க் கி.பி. 46 வாக்கில் கைரோனியா என்ற சிற்றூரில் பிறந்தவர். ரோமும் அலெக்சாண்டிரியாவும் கண்டவர். ஆனாலும் வாழ்ந்தது அந்தச் சிற்றூரில்தான். தானும் போய்விட்டால் அது இன்னும் சிறியதாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். பல்லாண்டுகள் டெல்பி கோயிலில் பூசாரியாக இருந்தார். அங்கே அப்பல்லோவின் குறி சொல்லும் பெண்ணான பித்தியா முக்காலியில் ஏறுமுன் ஓர் ஆட்டின்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். அது உடல் முழுதும் நடுங்கினாலொழிய அன்று குறி கிடையாது. குறிகள் ஏன் அருகிவிட்டன என்று விவாதிக்கும் உரையாடலில் புளூடார்க் தம் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். வெளிநாட்டிலிருந்து ஒரு தூதுக்குழு வந்திருந்தது. ஆடு அசையவில்லை. வந்தவர்களைத் திருப்திப்படுத்தும் ஆவலில் பூசாரிகள் வழக்கத்தை மீறி ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மூழ்கும் அளவுக்கு நனைந்தபிறகு ஆடு பணிந்தது. பித்தியா விருப்பமில்லாமல் உள்ளே இறங்கினாள். முதல் சொல்லிலேயே குரல் கரகரத்தது. பின் அலறிக்கொண்டு வாயிலை நோக்கி ஓடி விழுந்தாள். தூதர்கள் மட்டுமல்ல, பூசாரிகளும் ஓடிப்போனார்கள். திரும்பிவந்து அவளைத் தூக்கினார்கள். சில நாட்களே உயிரோடிருந்தாள்.

டெல்பியில் தோற்றது பரளச்சியில் வென்றது என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. எழுத மாட்டோம். இத்தகைய வாக்கியங்களால்தான் நம் இரண்டாவது கட்டு அவ்வளவு தடிமனாகியிருக்கிறது.

நம் கற்பனையில் டெல்பி என்பது பளிங்குத் தூண்களும் 'உன்னை அறி' என்ற வாசகமும். (திருச்சுழிக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். 1879இல் அந்த ஊரில் பிறந்த ரமணர் கேட்கச் சொன்ன கேள்வியும் ஏறக்குறைய அதுதானே என்று. அந்த ஒப்பீட்டை அவர்களிடமே விட்டுவிடுகிறோம்.) புளூடார்க் காட்டும் டெல்பி வேறு. அவர் காலத்துப் பித்தியா ஏழை உழவர் வீட்டுப் பெண். கல்வியோ கவித்திறனோ கிடையாது. முன்பு இருவர் முறைவைத்தும் மூன்றாமவர் துணைக்குமாக இருந்த இடத்தில் இப்போது ஒருத்தி போதுமாக இருக்கிறது. வருபவர்கள் கேட்பது கல்யாணம் செய்யலாமா, பயணம் போகலாமா, கடன் கொடுக்கலாமா. ஊர்கள் கேட்பது விளைச்சலையும் கால்நடையையும். ஜீயஸின் குறித்தலமான டொடோனாவில் மக்கள் தம் கேள்விகளை ஈயத் தகட்டில் கீறிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகங்கள் 2013இல் தொகுத்து வெளியிடப்பட்டிருக்கின்றன. டொடோனாவின் கேள்விகளில் ஒருவன் காணாமற்போன தன் போர்வைகளையும் தலையணைகளையும் வெளியாள் எவனாவது திருடினானா என்கிறான். ஒருவன் ஆடு மேய்த்தால் கட்டுபடியாகுமா என்கிறான். ஒருவன் மனைவி வயிற்றிலிருக்கும் பிள்ளை தன்னுடையதுதானா என்கிறான். பிளேட்டோ உரையாடல்களை எழுதிக்கொண்டிருந்த நூற்றாண்டிலும் இந்தத் தகடுகள் கீறப்பட்டுக்கொண்டிருந்தன. நம் கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கு இந்த மூவரும் வந்தால் அவர்களுக்கு மொழி மட்டும்தான் புரியாது.

ஒற்றுமை தெரிந்தவுடன் நம்மவர்கள் கேட்பது, யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்பது. யவனர்கள் வந்தது உண்மைதான். இங்கிருந்து கிழக்கே, வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் 1986 முதல் நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் மதுக்குடுவைச் சில்லுகளும் கிடைத்தன. தாலமி தம் நூலில் மதுரையைப் பாண்டியனின் அரசிருக்கை என்று குறித்திருக்கிறார். செங்கடல் துறையான பெரெனிகேயில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்திருக்கிறது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறிப் பாப்பிரஸ் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு கடன் ஒப்பந்தம். ஆனால் எஞ்சியிருக்கும் சான்றுகள் எல்லாம் சரக்கையும் கடனையும் காசையும்தான் பேசுகின்றன. ஆட்டின்மேல் தண்ணீர் தெளிப்பதை ஒருவர் மற்றவரிடம் கற்றார் என்பதற்கு ஒரு சில்லுகூட இல்லை. எங்களுக்குத் தோன்றுவது இன்னும் எளிய காரணம். மழை குறைந்து முள் மிகுந்த நிலத்தில் ஏழைக்குக் கட்டுபடியாகும் கால்நடை வெள்ளாடு. அவனிடம் கொடுக்க இருப்பது அதுதான். டெல்பியின் குறித்தலத்தையே ஆடுகள்தான் முதலில் கண்டுபிடித்தன என்று ஒரு கதை உண்டு. பாறைப் பிளவின் அருகே மேயப்போன ஆடுகள் விசித்திரமாகத் துள்ளியதைப் பார்த்துத்தான் மனிதர்கள் அங்கே போனார்களாம். ட்ராஜடி என்ற சொல்லின் வேர்ப்பொருளே ஆட்டுப் பாட்டு என்பது. தமிழில் அதை 'துன்பியல்' என்று பெயர்த்தபோது ஆட்டைத் தொலைத்துவிட்டோம்.

ஆக, நம்பிக்கையும் வழக்கமும் இரு இடத்திலும் உண்டு. அப்படியானால் கிரேக்கர்களின் சாதனை என்று எதைச் சொல்வது?

எரட்டோஸ்தெனீஸ் பூமியின் சுற்றளவை அளந்த கதையைப் பள்ளியில் படித்திருப்போம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. எகிப்தின் தெற்கே சியெனே ஊரில், கோடையின் உச்சநாளில், நடுப்பகல் சூரியன் கிணற்றுக்குள் நேராக விழுகிறது. அந்த ஊர்க்காரர்கள் அனைவருக்கும் அது தெரியும். அதே நாளில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் நட்ட கோலுக்கு ஏன் நிழல் இருக்கிறது என்று கேட்டவர் ஒருவர். வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கோணம், இரண்டு ஊர்களுக்கும் இடையே ஐயாயிரம் ஸ்டேடியம், பெருக்கினால் இரண்டரை லட்சம். பரளச்சிப் பக்கத்திலும் கிணறுகள் உண்டு. இந்த அட்சரேகையில் சூரியன் சரியாகத் தலைக்குமேல் வருவது ஆண்டுக்கு இருமுறை. அதில் ஒன்று சித்திரை பிறப்பை ஒட்டி, பன்னிரண்டேகால் மணி வாக்கில். வருடப்பிறப்பன்று பழைய கமலைக் கிணற்றை எட்டிப்பார்த்தால் அடியில் சூரியன் கிடக்கும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றின்மேல் இரண்டாவது கேள்வி கேட்பதும், அந்தக் கேள்வியை அடுத்தவர் எடுத்துக்கொள்ளும்படி எழுதிவைப்பதும்தான் அந்தச் சாதனை என்பது எங்கள் எண்ணம்.

அந்த இரண்டாவது கேள்வி தெய்வத்தின் முற்றத்திலும் கேட்கப்பட்டது என்பதைத்தான் நம் முதல் கட்டு சொல்வதில்லை. எத்தியோப்பியரின் தெய்வம் கறுப்பாகவும் திரேசியரின் தெய்வம் நீலக்கண்ணோடும் இருக்கிறதே, மாட்டுக்குக் கை இருந்தால் மாட்டுருவில்தானே தெய்வத்தை வரையும் என்றார் செனோபனீஸ். ரத்தக் கறையை ரத்தத்தால் கழுவுவது சேற்றைச் சேற்றால் கழுவுவது என்று பரிகசித்தார் ஹெராக்ளிடஸ். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிரேஸ்டஸ் உயிர்ப்பலிக்கு எதிராக ஒரு நூலே எழுதினார். அதே சமயம் சாக்ரடீஸ் இறக்கும் தறுவாயில் கிரிட்டோவிடம் கடைசியாக நினைவூட்டியது, மருத்துவத் தெய்வமான அஸ்க்லேபியஸுக்குக் கொடுக்க வேண்டிய சேவலை. நேர்த்திக்கடன்! அதைக் குறிப்பாகவும் முரண்நகையாகவும் விளக்கப் பல நூற்றாண்டுகளாக ஆசிரியர்கள் முயல்கிறார்கள். எங்கள் பக்கத்து அப்பத்தா ஒருத்திக்கு விளக்கமே தேவைப்படாது.

எல்லாவற்றுக்கும் மேல் புளூடார்க். குறிகள் ஏன் அருகின என்று கேட்டவர் கோயிலுக்கு வெளியே நின்றவரல்லர். அந்த ஆட்டின்மேல் தண்ணீர் ஊற்றும் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய உரையாடலில் ஒருவர், நாடே ஆளொழிந்து போயிற்று, கேட்க ஆளில்லாதபோது குறி எதற்கு என்கிறார். இன்னொருவர், குறிகளுக்குப் பொறுப்பான இடைநிலைத் தெய்வங்களும் சாகக்கூடியவை என்கிறார். மூன்றாவது கருத்து, நிலத்திலிருந்து எழும் ஆவிதான் குறிக்குக் காரணம், ஊற்றுகள் வற்றுவதுபோல் அதுவும் வற்றும் என்பது. நீரைச் சோதனையாக வைத்ததன் காரணத்தையும் அவர்கள் ஆராய்கிறார்கள்: குளிர்ந்த நீருக்கு அசையாத ஆடு உடலும் உயிரும் செம்மையாக இல்லாத ஆடு. முடிவு எதுவும் சொல்லாமல், இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று எழுந்து போகிறார்கள். அந்தக் கேள்வி இன்றும் ஓயவில்லை. 1972இல் பர்கெர்ட் என்ற ஜெர்மானிய அறிஞர், கொல்பவனின் குற்றவுணர்வைத் தணிக்கவே விலங்கின் சம்மதம் கேட்கப்பட்டது என்று விளக்கினார். 2007இல் நெய்டன் என்பவர் அதை மறுத்தார். தலையசைப்பு சம்மதமல்ல, விலங்கு துடிப்பாக இருக்கிறதா என்ற சோதனையே என்றார். பூசாரி ஒருவர் எழுதிவைத்ததால் நடக்கும் விவாதம் இது.

நம் பக்கம் என்ன நடந்தது? நம்மிடம் இருந்தவை இரண்டு துடைப்பங்கள். ஒன்று சீர்திருத்தத் துடைப்பம்: மூடநம்பிக்கை, பெருக்கித் தள்ளு. மற்றது தூய்மைத் துடைப்பம்: பீடத்தை இடித்துக் கிரானைட் போடு, கோபுரம் எழுப்பு, கும்பாபிஷேகம் செய், கிடாய்க்குப் பதில் பூசணிக்காய். 2003 ஆகஸ்டில் தமிழக அரசு, 1950ஆம் ஆண்டின் பலியிடல் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து நடைமுறைப்படுத்த முற்பட்டது. எதிர்ப்புகளுக்குப்பின் 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அந்த மாதங்களில் தடையை ஆதரித்தும் எதிர்த்தும் எவ்வளவோ எழுதப்பட்டது. நாங்கள் வாசித்தவற்றில், உதறாத கிடாயை என்ன செய்வீர்கள் என்று ஒரு சாமியாடியிடம் கேட்டு எழுதியவர் ஒருவரும் இல்லை. கிடாய் உயிரோடு வீட்டுக்குத் திரும்பும் வழியும் அந்தச் சடங்குக்குள்ளேயே இருந்தது என்பதை இரு தரப்பும் கவனிக்கவில்லை.

நா. வானமாமலையும் தொ. பரமசிவனும் ஆ. சிவசுப்பிரமணியனும் அ.கா. பெருமாளும் செய்த பணியை நாங்கள் மறக்கவில்லை. அவர்கள் இல்லையென்றால் எங்களுக்குப் பார்க்கவே தெரிந்திருக்காது. ஆயினும் அவர்கள் எழுதியது பெரும்பாலும் போய்ப் பார்த்து, கேட்டு, திரும்பிவந்து. முற்றத்திலேயே நின்று, அரிவாளைப் பிடித்த கையால் பேனாவையும் பிடித்துச் சந்தேகத்தோடு எழுதிய குரல் ஒன்று தமிழில் இல்லை. அந்தக் கைக்குப் பேனா கொடுக்கப்படவில்லை என்பதும் காரணம். புளூடார்க் வசதி படைத்தவர், அடிமைகள் சூழ வாழ்ந்தவர். எழுத்து அவர் பிறப்போடு வந்தது. அலறி விழுந்து செத்த பித்தியாவின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை.

கிரேக்கப் பலியில் இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் ஊரை அழகுபடுத்துகிறோம் என்றாகிவிடும். பூசாரிக்குரிய தோலும் தொடையும் போக மீதிக் கறியைச் சம பங்குகளாக வெட்டிக் குடிமக்களிடையே பகிர்ந்தார்கள். அரசியலில் சமத்துவம் என்ற கருத்து கறிப்பங்கிலிருந்து வளர்ந்தது என்று வாதிடும் ஆய்வாளர்கள் பிரான்சில் உண்டு. அந்தச் சமத்துவத்துக்கு வெளியே பெரும்பாலும் பெண்களும் முற்றாக அடிமைகளும் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் ஊர்களில் தலை யாருக்கு, தொடை யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு என்பதில் வெட்டுக்குத்துவரை போனதுண்டு. ஒரு பங்காளி வீட்டை அழைக்காததற்காக உதற மறுத்த கிடாய், பறையடித்துவிட்டுத் தடத்தின் அந்தப் பக்கம் தனியே நின்று சோறு வாங்கியவர்களுக்காக மறுக்கவில்லை. அதையும் நாங்கள் அன்று பார்த்தோம். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

சித்திரையில் அந்தப் பெரியவரைத் தேடி மறுபடியும் போனோம். கரிமூட்டம் போடுகிற வேலையில் இருந்தார். சீமைக்கருவேல விறகை அடுக்கி மண் பூசிக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். டெல்பிக் கதையை முடிந்தவரை நேராகச் சொன்னோம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

'செத்துப்போச்சா அந்தப் பிள்ள?'

'சில நாள்ல போயிட்டாங்க அய்யா.'

'தண்ணிய ஊத்துனவன்?'

அதைப் புளூடார்க் எழுதவில்லை என்றோம். 'எழுத மாட்டான்' என்று சிரித்தார்.

குளிர் நடுக்கத்தையும் உத்தரவையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள் என்று கேட்டோம். கேள்வி அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். சற்று யோசித்தார். 'குளிரு முதுகுல புடிக்கும் தம்பி. அது காலுல இருந்து ஏறும்' என்றார். புளூடார்க்கும் குளம்புக் கணுவிலிருந்து நடுக்கம் எழ வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். அதைச் சொன்னோம். அவர் பெரிதாக வியக்கவில்லை. ஆடு ஆடுதானே என்பதுபோல் பார்த்தார்.

'அவரு கோயில் இப்ப எப்படி இருக்கு?'

இல்லை என்றோம். அவருக்குப் பின் முந்நூறு வருஷத்துக்குள் சக்கரவர்த்தி ஒருவர் பழைய தெய்வங்களின் பூசைகளைத் தடை செய்துவிட்டார், இப்போது தூண்களும் கல்லும்தான் கிடக்கின்றன, டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம் என்றோம்.

'எழுதி வச்சுமா?'

மூட்டத்தின் ஒரு பக்கம் மண் விரிசல் விட்டுப் புகை கசியத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்துபோய் ஈரமண்ணை அள்ளி அப்பினார். எங்கள் நண்பர் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த நோட்டு மடியிலேயே இருந்தது. கை கழுவிவிட்டு வந்து, 'என்னமோ கேக்கணும்னீங்களே, கேளுங்க' என்றார்.